ஒரு ஸ்பூன் பாசித்தூள்

“நல்லதுக்குத்தானே செஞ்சான்” என்று இந்தத் தீவில் இனி யாராவது என்னிடம் சொன்னால், கையில் என்ன இருக்கிறதோ அதை அவர்கள் மேல் எறிந்துவிடுவேன். கடைக்காரி சொல்லிவிட்டாள். விமானத்தில் சாமான் ஏற்றுகிறவன் சொல்லிவிட்டான். பாதிரியார்கூட என் தோளில் கை வைத்துச் சொல்லிவிட்டார். யாருக்கு நல்லது, யாரைக் கேட்டுக்கொண்டு செய்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நோலா. நானும் என் வீட்டுக்காரன் டெஸ்ஸும் கடற்பாசி எடுக்கிறவர்கள். மேற்கே புயல் அடித்த மறுநாள் கரையெல்லாம் பாசி ஒதுங்கிக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஆளைவிட நீளம், மாட்டுத்தோல் மாதிரி தடிமன். வின்ச் என்கிற இழுவை இயந்திரம் போட்டு இழுத்து, லாரியில் ஏற்றி, கம்பிகளில் தொங்கவிட்டுக் காயவைத்து ஆலைக்குக் கொடுப்போம். ஆலை எடுக்காத உதிரித் துண்டுகளை டெஸ் எங்கள் கொட்டகையில் அரைத்துத் தூளாக்கி மாட்டுக்காரர்களுக்கு விற்பான். எங்களுக்கும் கொஞ்சம் மாடுகள் உண்டு.

எங்கள் மகன் ஈவன் பிறந்த வருடம் எங்கள் பசுக்கள் கழுத்து வீங்கிய கன்றுகளாகப் போட்டன. பாதி செத்தே பிறந்தன. அயோடின் பத்தவில்லை என்றார் கால்நடை மருத்துவர். டெஸ் தீவனத்தில் பாசித்தூளைக் கலந்தான். அடுத்த வருடம் கன்றுகள் துள்ளிக்கொண்டு பிறந்தன. அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு இந்தப் பைத்தியம். முடி கொட்டுகிறதா, பாசித்தூள். மூட்டு வலியா, பாசித்தூள். தக்காளி காய்க்கவில்லையா, அதற்கும் அதே.

ஈவனின் மனைவி பிரியோனி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக ஹோபார்ட் நகரத்திலிருந்து வந்தவள். கல்யாணமான பிறகு இரண்டு முறை கர்ப்பம் தரித்து இரண்டும் கலைந்து போயின. இரண்டாவது கலைந்தபோதுதான் ஒரு டாக்டருக்குத் தைராய்டைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. முதல் தடவையே பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்குத் தனியாக இருக்கிறது. அவள் உடம்பே அவள் தைராய்டை எதிரி என்று நினைத்து அரித்துக்கொண்டிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு குறைந்தால் கரு தங்காது, தங்கினாலும் ரத்த அழுத்தம் ஏறும், பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும், அதனால் அளவு சரியான பிறகே அடுத்தது என்றார்கள். ஒரு வருடம் பொறுத்திருந்தாள். பிறகு மறுபடி உண்டானாள்.

செய்தி சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, டெஸ் ஒரு பாட்டில் நிறையப் பச்சைத் தூளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

“தினம் ஒரு ஸ்பூன் ஜூஸ்ல கலந்து குடி. அந்த மாத்திரையெல்லாம் எவனோ ஃபேக்டரில செய்யறது. இது நம்ம கடல்ல விளையறது.”

“வேணாம் டெஸ்,” என்றாள் பிரியோனி. “கடற்பாசிப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எனக்கு வேண்டிய அயோடின் கர்ப்பத்துக்குக் குடுக்கற மாத்திரைலயே அளவா இருக்கு. அதுக்கு மேல போனா என் தைராய்டு மிச்சம் மீதி செய்யற வேலையையும் நிறுத்திக்கும்.”

“என் மாடுங்களுக்குக் குடுத்து நான் கண்ணால பாத்திருக்கேன் பொண்ணே.”

“நான் மாடு இல்லை டெஸ்.”

ஈவன் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். டெஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

டெஸ்ஸுக்குச் சமையலில் தெரிந்தது ஒன்றே ஒன்று, ரொட்டி சுடுவது. கரும்புப்பாகு ஊற்றிக் கருப்பாகச் சுடுவான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் சேர்த்துச் சுடுவான். பிரியோனிக்கு அந்த ரொட்டி உயிர். மசக்கையில் எதுவும் உள்ளே போகாதபோதும் அது மட்டும் போனது. “உங்க ரொட்டி இல்லேன்னா நான் இந்நேரம் எலும்பும் தோலுமாத்தான் இருப்பேன்” என்பாள். அவன் முகம் மலர்ந்துபோகும்.

மாதாமாதம் தீவு நர்ஸ் மொய்ரா அவளுக்கு ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அக்கரைக்கு விமானத்தில் அனுப்புவாள். கர்ப்பத்தில் உடம்புக்குத் தைராய்டு அதிகம் வேண்டும் என்பதால் ஆரம்பத்திலேயே மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். முதல் மாதம் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த மாதம் தைராய்டு அளவு குறைந்திருந்தது, மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்கடுத்த மாதம் இன்னும் குறைந்திருந்தது. மறுபடி கூட்டினார்கள். மறுபடி குறைந்தது. பிரியோனியின் குரல் கட்டிக்கொண்டது. வெயில் நாளிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தாள். கால் வீங்கியது, ரத்த அழுத்தம் மெல்ல ஏறியது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னாலேயே தூங்கி விழுந்திருக்கிறாள்.

மொய்ரா கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

“காலைல வெறும் வயித்துலதான போடறே?”

“ஆமா.”

“தண்ணிலதான? டீல இல்லியே?”

“தண்ணிலதான்.”

“இரும்புச்சத்து மாத்திரையும் அதோட சேத்துப் போடறியா? சேத்துப் போட்டா இது உடம்புல ஒட்டாது.”

“அது ராத்திரி போடறேன் மொய்ரா. நான் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவ. ஒரு மாத்திரை எப்படி முழுங்கறதுன்னு எனக்குத் தெரியும்.”

கடல் தாண்டியிருந்த டாக்டர் ஃபோனில் ஈவனிடம், சில பேர் மறந்துவிடுவார்கள், கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்றாராம். அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஈவன் அதை எடுத்தான்.

“பிரி, தப்பா எடுத்துக்காத. ஒருவேளை நடுவுல நடுவுல விட்டுப்போகுதோ?”

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “ரெண்டு பிள்ளையப் பறிகொடுத்தவ நான். விட்டுப்போகும்னு நினைக்கறியா?”

“வேணும்னு விடறேன்னு சொல்லலை.”

அப்போது டெஸ் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டிக்கொண்டே சொன்னான். “மாத்திரை ஒழுங்கா உள்ள போனா நம்பர் ஏன் குறையப்போகுது. எங்கயோ கோளாறு இருக்கு. களைப்புல மறந்துபோறது எல்லாருக்கும் உண்டுதான் பொண்ணே, வெக்கப்பட ஒண்ணுமில்லை.” சொல்லிவிட்டு ஒரு துண்டில் வெண்ணெய் தடவி அவள் தட்டில் வைத்தான்.

அவள் அந்தத் துண்டைத் தின்றாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றாள்.

மறுநாளிலிருந்து அவள் தினமும் ஈவன் முன்னால் நின்று மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள். சிறைக்கைதி மாதிரி. அவனும் பார்த்தான். என் வயிற்றில் பிறந்தவன், வாய்க்குள் எட்டிப் பார்த்தான். நான் கேள்விப்பட்டு அவனைத் திட்டினேன். “அவதாம்மா பாருங்கறா” என்றான். “அவ அப்படி நிக்கற மாதிரி வெச்சது யாருடா?” என்றேன்.

ஆறாம் மாதம் நடக்கும்போது பெரிய ஸ்கேனுக்காகப் பிரியோனியும் ஈவனும் அக்கரைக்கு விமானம் ஏறினார்கள். வழிக்கு இருக்கட்டும் என்று ஒரு முழு ரொட்டியைத் துணியில் சுற்றி நான்தான் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் அவள் ஃபோன் செய்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், கை ஈரம், அதனால் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். டெஸ் எதிரே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“நோலா, பிள்ளையோட கழுத்துல வீக்கம் இருக்காம்.”

“கழுத்துலயா?”

“தைராய்டு. பிள்ளையோட தைராய்டே வீங்கியிருக்கு. இன்னும் பெருசானா மூச்சுக்குழாயை அமுக்கிடும், பிறந்ததும் மூச்சு விட முடியாதுங்கறாங்க. நாளைக்குக் காலைல வயித்துக்குள்ள ஊசி விட்டு, பிள்ளையைச் சுத்தியிருக்கற தண்ணில மருந்து போடணுமாம். அந்த ஊசியாலயே வலி வந்து பிள்ளை வெளிய வந்துடவும் கூடும்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. இப்ப வந்தா பொழைக்காது நோலா.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

“இங்க இருக்கற டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. கடற்பாசி சாப்பிட்டியா, இருமல் மருந்து குடிச்சியா, அயோடின் எங்கயாவது பட்டுச்சான்னு. அம்மா, பிள்ளை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல இப்படி ஆகுதுன்னா அதிகப்படி அயோடின்தான் முதல் சந்தேகமாம். அப்படி ஏதாவது இருந்தா அதை நிறுத்தினாலே வீக்கம் தானா வத்தும், ஊசியே வேணாம், காத்திருந்து பாக்கலாம்னாங்க. இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன். கடற்பாசித் தீவுல இருக்கேன், ஆனா ஒரு துண்டுகூட வாய்ல வெக்கலைன்னு சொன்னேன். அவங்க என்னை நம்பின மாதிரியே தெரியலை. இங்கயும் நான் பொய்க்காரிதான்.”

டெஸ் கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டினான். கயிற்றைக்கூடக் கட்டாமல் எழுந்து வெளியே போனான்.

முப்பது வருடமாக அந்த முதுகைப் பார்க்கிறேன். தப்பு செய்துவிட்டுப் போகிற முதுகு எனக்குத் தெரியும். “ஃபோனைப் பக்கத்துலயே வெச்சிரும்மா, இதோ கூப்பிடறேன்” என்று அவளிடம் சொல்லிவிட்டு அவன் பின்னாலேயே போனேன்.

காயப்போட்ட பாசிக்கு நடுவில் நின்றிருந்தான். காற்றில் அவை ஒன்றோடொன்று மோதித் தட்தட்டென்று அடித்துக்கொண்டிருந்தன. நான் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்துவதற்கு எனக்குத் தடையும் இல்லை.

“ரொட்டிலயா?”

அவன் ஒரு கம்பியைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தான்.

“டெஸ். ரொட்டியிலயா கலந்தே?”

“ஒரு ஸ்பூன்தான்.”

“எதுக்கு ஒரு ஸ்பூன்?”

“ரொட்டிக்கு ஒரு ஸ்பூன். நம்பர் குறையுதுன்னதும் ரெண்டாக்கினேன்.”

நான் அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. “அவ வேணாம்னு சொன்னாளே. இந்த வீட்டு மேஜைல உக்காந்து, ஏன் வேணாம்னும் சொன்னாளே.”

“பட்டணத்துப் பேச்சுன்னு நினைச்சேன். ரெண்டு போயிடுச்சு, மூணாவதையும் விட்டுடக் கூடாதேன்னுதான்... நம்ம கன்னுக்குட்டிங்க—”

“அந்த மாடுங்களுக்கு இல்லாம இருந்துது, நீ குடுத்தே. இவளுக்கு இருக்கறதே தாங்கலை, நீ மேல கொட்டினே. அதை விடு. அது தெரியாம செஞ்சது. அவளை மறதிக்காரின்னியே, அது? ஒரு கைல ரொட்டியை வெட்டிக்கிட்டே மாத்திரை ஒழுங்காப் போடறதில்லைன்னியே. நீ திருட்டுத்தனமா ஒண்ணைப் போட்டுக்கிட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுமில்ல? அது காரணமா இருக்குமோன்னு ஒரு நாள்கூடத் தோணலியா?”

“தோணலை நோலா. சத்தியமா.”

“ஏன் தோணலை தெரியுமா? பொம்பளை பொய் சொல்றான்னு நினைக்கறது சுலபம். உன் தூள்ல தப்பு இருக்கும்னு நினைக்கறது கஷ்டம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னது இன்னும் மோசம். “ரொட்டியை இன்னியோட நிறுத்திடலாம். அங்க வெச்சிருக்கறதைத் தூக்கிப் போடச் சொல்லு, பூஞ்சை பிடிச்சிருக்கும்னு சொல்லு. தானா சரியாயிடும். அவகிட்ட இதையெல்லாம் சொல்லணும்னு என்ன?”

“நாளைக்குக் காலைல அவ வயித்துல ஊசி இறங்கப்போகுது. காரணம் தெரிஞ்சா இறக்க மாட்டாங்க. கேட்டேயில்ல?”

“தெரிஞ்சா அவ அந்தப் பிள்ளையை என் கண்ணுலயே காட்ட மாட்டா.”

“காட்டறதுக்குப் பிள்ளை இருக்கணுமேடா முதல்ல.”

பாங்கில் பேச வேண்டுமென்றால் நோலா. பக்கத்து நிலத்துக்காரனிடம் வேலித் தகராறு என்றால் நோலா. ஈவன் பள்ளியில் அடிதடி செய்தபோதும் நோலா. அவனுக்காக எங்கெல்லாம் வாயைத் திறந்திருக்கிறேன். இதையும் நான் பக்குவமாகச் சொல்லி முடித்துவிடுவேன், தான் பாசி நடுவில் நின்றுகொண்டே இருக்கலாம் என்று எதிர்பார்த்தான். அவன் சட்டையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வந்தேன். பெரிய ஆள்தான், ஆனால் வந்தான். ஃபோனைப் போட்டேன்.

“பிரியோனி, டெஸ் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஈவனையும் கேக்கச் சொல்லு. டாக்டரம்மா பக்கத்துல இருந்தா அவங்களும் கேக்கட்டும்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“பொண்ணே,” என்றான். “ரொட்டில நான் பாசித்தூள் போட்டேன். ஆரம்பத்துலேர்ந்து.”

ஈவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது தூரத்தில் கேட்டது. பிறகு பிரியோனி பேசினாள். குரலில் அழுகை இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல்.

“எவ்வளவு?”

சொன்னான்.

“நேத்து நோலா குடுத்தனுப்பின ரொட்டிலயும் இருக்கா?”

“இருக்கு.”

“மாட்டுக்குப் போடற அதே தூளா, வேறயா?”

“அதேதான்.”

“சரி,” என்று வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா ஊசியை நிறுத்தினார். தூளை அனுப்பச் சொன்னார். சாயங்கால விமானத்தில் நானே பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். சோதித்துவிட்டு, இதில் ஒரு ஸ்பூனில் உள்ளது ஒரு கர்ப்பிணிக்கு எத்தனையோ நாளுக்குத் தேவையான அயோடின் என்றார். வளர்ந்த ஆள் உடம்பு அதிகப்படியை ஒருவாறு சமாளிக்கும், வயிற்றுப் பிள்ளைக்கு அந்த வழியே இன்னும் தெரியாது, அதனால்தான் அதன் தைராய்டு வேலையை நிறுத்திவிட்டு வீங்கியது என்று பொறுமையாக விளக்கினார். நல்ல பெண். கடைசியில் பிரியோனியிடம், “உங்களை நான் சந்தேகப்பட்டது தப்பு” என்றார். இத்தனை மாதத்தில் அவளிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பிரியோனி தீவுக்குத் திரும்பவில்லை. அக்கரையில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்தாள், நான் கூட இருந்தேன். வாரா வாரம் ஸ்கேன். முதல் இரண்டு வாரம் வீக்கம் அப்படியே இருந்தது. மூன்றாவது வாரம், அளக்கிற பெண் இரண்டு தடவை அளந்துவிட்டு, “குறைஞ்சிருக்கு” என்றாள். பிரியோனியின் ரத்தத்திலும் நம்பர் திரும்பியது. அதே மாத்திரை, அதே வாய். இப்போது யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஈவன் வார இறுதிகளில் வருவான், சமைப்பான், பாத்திரம் கழுவுவான், அவள் பேசினால் பேசுவான்.

ஆனால் ஏறிய ரத்த அழுத்தம் முழுசாக இறங்கவில்லை. நாள் நெருங்குமுன்பே, இனிமேல் காத்திருப்பது தாய்க்கு ஆபத்து என்று சொல்லி அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. பொடிசு. பிறந்ததும் அழுதாள், நல்ல சத்தமாக. கழுத்தில் கை வைத்துப் பார்த்த டாக்டர் வீக்கம் இல்லை என்றார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். அந்த முடிவு வரும்வரை பிரியோனி பெயர்கூட வைக்கமாட்டேன் என்றாள். வந்தது. பிள்ளையின் தைராய்டு ஒழுங்காக வேலை செய்கிறது, இன்னும் சில முறை பார்த்துக்கொள்வோம், பயப்பட எதுவுமில்லை என்றார்கள். அன்று மத்தியானமே மேவ் என்று பெயர் வைத்தாள்.

டெஸ் யாரும் கூப்பிடாமலே மறுநாள் வந்து நின்றான். தலை வாரி, ஈமச் சடங்குக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வார்டு வாசலில் நின்றான். நர்ஸ் உள்ளே விடட்டுமா என்று கேட்டாள். ஈவன் எழுந்தான். பிரியோனி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“வாங்க டெஸ்.”

அவன் படுக்கையின் கால்மாட்டில் வந்து நின்றான். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவன் பார்வை அதன் மேலேயே இருந்தது.

“மன்னிச்சிடு பொண்ணே. நல்லதுக்குன்னு நினைச்சு—”

“அது வேணாம்,” என்றாள். “தூள் போட்டதை ஃபோன்லயே கேட்டாச்சு. அன்னிக்கு மேஜைல என்னைப் பத்தி என்ன சொன்னீங்களோ அதைச் சொல்லுங்க. அப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துதுன்னும் சொல்லுங்க.”

டெஸ் என் பக்கம் திரும்பினான். நான் கையிலிருந்த பழத்தோலைக் குப்பையில் போட எழுந்துபோனேன். போட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அவன் தரையைப் பார்த்து முணுமுணுத்தான். “மாத்திரையை ஒழுங்காப் போடலைன்னு சொன்னேன். நீ... நீ ஒழுங்காத்தான் போட்டிருப்பேன்னு அப்பவே எனக்குத் தெரியும்.”

“சத்தமா,” என்றாள் பிரியோனி. “ஈவனுக்குக் கேக்கலை.”